குவீன்ஸ்டவுனுக்குத் தனியாகப் போக மாட்டேன்

"அந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?" சமூக நிலையத்துக் கூட்டத்தில் வீட்டுவசதி அதிகாரி கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், கடைக்கு மேலே உள்ள மாடியில் குடியிருக்கிறோம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். அவருடைய கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி கடலில்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது என் ஒன்றரை வயது மகள் அக்காவிடம்தான் இருப்பாள்.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையலறை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். அக்கா கத்தோலிக்கர், வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார், அதனால் அன்றைக்கென்று பார்த்து மீன் வறுப்பார். நாங்கள் குடிவந்த புதிதில் இதற்காகப் போட்ட சண்டை கீழே மளிகைக்கடை வரை கேட்டது. பிறகு அவராகவே ஒரு கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்சந்தில் போய் வறுக்கத் தொடங்கினார். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர் தனியாக உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பழக்கம் அங்கே தொடங்கியது.

எங்கள் கடைவீட்டு வரிசையை இடிக்கப் போகிறார்கள், எல்லோருக்கும் அடுக்குமாடி வீடு என்றபோது நானும் மகிழ்ந்தேன். சொந்தக் குழாயும் சொந்தக் கழிவறையும் யாருக்குக் கசக்கும்? ஆனால் குலுக்கலில் எங்களுக்குக் குவீன்ஸ்டவுன் விழுந்தது, அக்காவுக்கு மெக்பர்சன்; இரண்டும் நகரத்தின் வெவ்வேறு பக்கம். பிள்ளையை விட்டுப்போக ஆளில்லை என்றால் நான் வேலையை விடவேண்டும்.

வட்டாரம் எப்படி மாறப்போகிறது என்று பேச ஒரு கூட்டம் போட்டார்கள். குறை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். எங்கள் வட்டாரத்தில் பெண்கள் பின்வரிசையில் உட்காருவோம். கேட்க வேண்டியதைக் கணவரிடம் சொல்லி அனுப்புவோம். நானும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் என் கணவர் எழுந்தார். "எங்க வீட்டுல ஒரு குறையும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பின்வரிசையிலிருந்து நானே எழுந்துவிட்டேன்.

"குறை இருக்கு. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் ஒரே இடத்துல வீடு வேணும்."

அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

"சொந்த அக்கான்னு சொல்லிடு லா" என்று பக்கத்தில் இருந்தவள் கிசுகிசுத்தாள். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்துகிறவள் நான். அதோடு அக்கா கழுத்தில் சிலுவை, என் நெற்றியில் குங்குமம். சொன்னாலும் யார் நம்புவார்?

"உறவு ஒண்ணும் இல்லைங்க."

மளிகைக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "டீச்சரம்மா, மீன் வாசனைக்கு அந்தச் சண்டை போட்டீங்க. இப்ப ஒட்டிக்கிட்டுப் போகணுமா?"

"ஆமாண்ணே. சண்டை போடவும் பக்கத்துல ஆள் வேணும்ல? குவீன்ஸ்டவுன்ல நான் யார்கூடப் போடுறது?"

கூடமே சிரித்தது. என் கணவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியெல்லாம் சேர்த்துத் தர முடியாதும்மா" என்றார் அதிகாரி.

"அப்ப நாங்க போகலைங்க. இடிக்கிற அன்னைக்கு வாங்க, மாடியிலதான் இருப்போம்."

இவ்வளவு பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் பலன் கிடைத்தது. மெக்பர்சன் விழுந்த ஒரு குடும்பம் எங்களோடு மாற்றிக்கொள்ள முன்வந்தது. இரண்டு வீட்டுக் குடும்பத் தலைவர்களும் மாத முடிவுக்குள் நேரில் வந்து சம்மதம் சொன்னால் பார்க்கலாம் என்று அதிகாரியும் இறங்கி வந்தார்.

குடும்பத் தலைவர் என் கணவர். குவீன்ஸ்டவுனிலிருந்து துறைமுகத்துக்கு ஒரே பஸ். மெக்பர்சனிலிருந்து மாறிப் போகவேண்டும். அதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். "அத்தனை பேர் முன்னாடி என் பேச்சை வெட்டிட்ட. இப்ப நானே போய் உன் பேச்சைச் சொல்லணுமா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்காவோ, "வேணாம் தங்கச்சி, என்னால உங்க வீட்டுல மனஸ்தாபம் வேணாம்" என்கிறார். சொல்லும்போதும் என் மகளை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

கூட்டத்தில் பேசியதற்காக நான் வருந்தவில்லை. தனியாகக் கணவரிடம் இன்னொரு முறை சொல்லிப் பார்த்திருக்கலாமோ என்று சில சமயம் தோன்றும். ஆனால் சொல்லித்தானே அனுப்பினேன்?

மாதம் முடியப் போகிறது. அவரோடு பலமுறை பேசத் தொடங்கி, பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அக்காவை விட்டுவிடு, வேலையை விடு என்று மட்டும் இதைப் பத்திரிகையில் படிக்கும் யாரும் எனக்கு எழுத வேண்டாம். அதைச் சொல்ல இங்கேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊரறியத் தலைகுனிந்த மனிதரை, மன்னிப்புக் கேட்காமலே, என்ன சொல்லி அந்த அலுவலகத்துக்கு அழைத்துப் போவது? உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் முதல் வார்த்தையை எப்படித் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.