தராசில் ஏறிய தேவசகாயம்

சென்ற செவ்வாய் காலை ஆம்பூரிலிருந்து தேவசகாயத்தின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா போய்ட்டாரு அங்கிள். தூக்கத்துலயே." வயது எண்பத்தேழு. வேலூர் மருத்துவ மாணவர் விடுதியில், இந்தக் குண்டு உடம்போடு நம்மில் முதலில் போகப்போகிறவன் இவன்தான் என்று நாம் கேலி பேசிய ஆள். அந்தக் கேலிக்காரர்களில் இன்று மிஞ்சியிருப்பது நானும் நீங்கள் நாலைந்து பேரும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஆற்காட்டிலிருந்து அவன் அம்மா வாராவாரம் ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்பு அனுப்புவார். நமக்கு ஆளுக்கு ஒன்று, மிச்சம் அவனுக்கு. மூன்றாம் ஆண்டில் பேராசிரியர் உடல் பருமனால் வரும் கேடுகளைக் கேட்டபோது, எழுந்து நின்று, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மாரடைப்பு என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "இதெல்லாம் யாருக்கப்பா வரும்?" என்றார் அவர். "பேஷண்ட்டுக்கு சார்." யாரும் சிரிக்கவில்லை. நமக்கும் அதுவே சரியான விடையாகப் பட்டது.

அந்த வருடமே நானும் அவனும் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் தொழிலாளர்களைப் பரிசோதிக்கப் போனோம். எங்கள் எடைக் கருவி பஸ்ஸிலேயே உடைந்துவிட்டது. தோல் நிறுக்கும் பெரிய தராசைக் காட்டி, அதைப் பார்த்துக்கொண்ட காதர் பாய், "சரியா இருக்கான்னு மொதல்ல நீங்க ஏறிப் பாருங்க டாக்டரே" என்றார். நான் ஏறி இறங்கினேன். பிறகு தேவசகாயம். காதர் பாய் ஒரு கல்லை வைத்தார், இன்னொன்றை வைத்தார். "இன்னா டாக்டரே, உங்க தோஸ்தைவிட ரெண்டு மாட்டுத்தோல் ஜாஸ்தி!" எலும்பும் தோலுமாய் நின்ற தொழிலாளர்கள் சிரித்தார்கள். தேவசகாயமும் தராசு ஆடும்படி சிரித்தான்.

அடுத்தது சிறுநீர்ச் சோதனை. நீலக் கரைசலில் சில சொட்டு விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இருப்பவருக்குச் செங்கல் நிறம் வரும். ஒப்பிட்டுக் காட்ட நோயில்லாத ஒருவருடையது வேண்டும். "என்னுது இருக்கே" என்றான். செங்கல் நிறம் வந்தது. "கரைசல் கெட்டுப் போச்சுடா" என்று மறுபடி காய்ச்சினான். மறுபடியும் செங்கல். என்னுடையதை வாங்கிக் காய்ச்சினான். நீலம் நீலமாகவே இருந்தது. இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "டேய், நான்தான்டா பேஷண்ட்."

வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். கையைக் கழுவிக்கொண்டு அத்தனை பேருக்கும் பார்த்து முடித்தான். பிறகு பட்டியலின் கடைசி வரியில் தன் பெயரை எழுதி, தொழில் என்ற இடத்தில் 'மருத்துவ மாணவன்' என்று நிரப்பினான். மூன்று வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டும் நம்மில் ஒருவனுக்கும் அவன் நோய் கண்ணில் படவில்லை.

மறுநாள் முதல் விடிந்ததும் பாலாறு வரை நடை, துணைக்கு நான். விடுமுறையில் இளைத்துப்போனவனைக் கண்டு அவன் அம்மா அழுதாராம்: "ஆஸ்பத்திரில சோறே போட மாட்றாங்களா? யாருடா உன்ன இப்டி ஆக்குனது?" "காதர் பாய்மா" என்றானாம்.

பின்னாளில் ஆம்பூரிலேயே மருத்துவமனை வைத்தான். வேலைக்கு வரும் இளம் டாக்டர்களை முதல் நாளே எடை பார்த்துவிடுவான். "மொதல்ல உன்னப் பாரு, அப்புறம் ஊரைப் பாரு" என்பான். எனக்கும் பலமுறை சொன்னான். நான் தட்டிக்கழித்தே வந்தேன்.

மகள் பேசி முடித்ததும், அலமாரியிலிருந்த கருவியை எடுத்து என் கையிலேயே கட்டி இரத்த அழுத்தம் பார்த்தேன். ஜாஸ்திதான். மாலையில் மருமகளிடம் சொன்னேன். "நீங்களே டாக்டர். இத்தனை வருஷமா ஏன் மாமா பாக்கல?" என்றாள்.

"பயம்மா" என்றேன்.

அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம், அவனிடமிருந்து எனக்கு இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.