டீச்சரின் வலது காலும் ஒரு ஜோடி பெடலும்

டயர் தேய்ந்து வருகிறவரைச் சைக்கிள் கடைக்காரன் எப்படியும் சமாளித்துவிடுவான். சொந்தக் காலையே நம்பாமல் வருகிறவருக்கு எதை எடுத்துக் காட்டுவது என்பது, பிரிக்பீல்ட்ஸில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கும் எனக்கே சுலபத்தில் பிடிபடவில்லை. காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டி முழங்காலைக் கெடுத்துக்கொண்ட அன்பர்களே, உங்கள் வலி எனக்குத் தெரியும். என் வலியையும் கொஞ்சம் கேளுங்கள்.

பாதி அளந்து முழுதாகச் சொன்னது

வசந்தி டீச்சர் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். ரவாங் பக்கம் வருஷக் கடைசியில் நடக்கும் காட்டுப் பாதைப் போட்டியில் முழங்கால் நோவு தாங்காமல் பாதியில் இறங்கியவர். அதன்பிறகு அறுவை சிகிச்சையும் ஆயிற்று. அடுத்த போட்டியை முடித்தே தீருவது என்று, பவர் மீட்டர் பெடல் கேட்டு வந்தார். எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதை அளந்து, ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னத் திரைக்கு அனுப்பும் பெடல் அது.

நான் விற்றது இடது பெடலில் மட்டும் அளவி உள்ள செட். இடது காலை அளக்கும், இரண்டால் பெருக்கும், மொத்தம் இவ்வளவு என்று காட்டும். ஆபரேஷன் எந்தக் காலில் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வாராவாரம் எண் ஏறியது. டீச்சர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார், நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். மூன்றாம் மாதம் இடது முழங்கால் வீங்கி வந்து நின்றார். ஆபரேஷன் ஆன வலது கால் சும்மா சவாரி செய்ய, இடது கால் இரண்டு ஆள் வேலை பார்த்திருக்கிறது. மொத்த பலத்தில் வலது கால் நூற்றுக்கு நாற்பத்தைந்தாவது மிதிக்காவிட்டால் போட்டியை மறந்துவிடச் சொல்லிவிட்டாராம், காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் செட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சரியானதைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை என்றேன். டீச்சர் கோபப்படவில்லை.

"அண்ணே, பேப்பர்ல ஒரு பக்கம் மட்டும் திருத்தி, ரெண்டால பெருக்கி மார்க் போட்டா, எங்க ஹெட்மாஸ்டர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

ரவாங் சேறு

இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கும் பெடல்களில் பெரும்பாலானவை ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்காகச் செய்தவை. அதில் ஒரு ஜோடியை இரவல் வாங்கி, மழை பெய்த மறுநாள் ரவாங்குக்கு நானே ஓட்டிப் பார்க்கப் போனேன். மேடு வந்தது, இறங்கித் தள்ளினேன். ஷூவுக்கு அடியில் பெடலோடு மாட்டிக்கொள்ளும் துண்டு முழுக்கச் செம்மண் அப்பிக்கொண்டது. அதன் பிறகு நான் ஏறுவதும், கால் வழுக்குவதும், விழுவதுமாகப் போனது பொழுது. மூன்றாவது முறை விழுந்தபோது, கூட வந்திருந்த என் கடை மெக்கானிக் ரஹீம் தன் சைக்கிளை நிறுத்தினான். பிரிக்பீல்ட்ஸிலேயே வளர்ந்தவன், தமிழ் நன்றாகப் பேசுவான். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான்.

"பாஸ், இது ரோட்டுக்குச் செஞ்சது லா. இங்க ரோடு எங்கே, காட்டுங்க."

கல்லோடு ஒரு வாரம்

காட்டுக்கென்றே செய்த பெடலில் இரண்டு வகை மிஞ்சின. ஒன்றில் மின்னணுப் பகுதி பெடலுக்கும் அதைத் தாங்கிச் சுழலும் கிராங்க்குக்கும் நடுவில் சுண்டைக்காய் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. இன்னொன்றில் எல்லாம் அச்சுக்குள்ளேயே அடங்கியிருந்தது. மேலே உள்ள உடம்பு அடிபட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். செராஸிலிருந்து சாமான் கொண்டுவரும் பெடல் ஏஜெண்டிடம் கேட்டால் இரண்டும் நல்ல சாமான்தான் என்றார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்?

ஒரு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி, வேரும் கல்லும் உள்ள சரிவாகப் பார்த்து வேண்டுமென்றே இடித்து இறங்கினேன். சுண்டைக்காய் நான்காம் நாள் விரிசல் விட்டது. மற்றது முகமெல்லாம் சிராய்ப்போடு, கடைசி நாள் வரை ஒழுங்காக எண் காட்டியது. தேடியது கிடைத்துவிட்டது. இரண்டு ஜோடியையும் மேசையில் வைத்தபோது ஏஜெண்டின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஓட்டிப் பாக்கத்தானே அண்ணே குடுத்தேன், நீங்க கல்லோட சண்டை போட்டுக் கொண்டாந்திருக்கீங்க."

ஏர்கோன் செய்த வைத்தியம்

புதுப் பெடலை மாட்டி, கடைக்குள்ளேயே, கால் படாதபோது எண் பூஜ்யம் காட்டும்படி சரிசெய்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் டீச்சர் திரும்பி வந்துவிட்டார். வலது கால் நாற்பத்தெட்டு என்று காட்டுகிறதாம். நான் சந்தோஷப்பட்டேன், டீச்சர் படவில்லை. இவ்வளவு சீக்கிரம் எந்தக் காலும் குணமாகாது என்றார்.

யோசித்தபோதுதான் உறைத்தது. கடையில் ஏர்கோன் குளிர், வெளியே மண்டை பிளக்கும் வெயில். குளிர்ந்த உலோகத்தில் வைத்த பூஜ்யம் வெயிலில் நகர்ந்துவிட்டிருக்கிறது. நம் ஊரில் சைக்கிளை ஏர்கோன் அறையில் படுக்க வைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிளைக் கடை வாசல் நடைபாதையில், அதாவது ஐந்தடியில், நிறுத்தி, நன்றாகச் சூடேறிய பிறகு, காலை எடுத்துவிட்டுப் பூஜ்யம் செய்தோம். ஒரு சுற்றுப் போய்வந்தார். நாற்பத்தொன்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. டீச்சர் ஷூவை இறுக்கிக் கட்டினார்.

"நாப்பத்தொண்ணுன்னா நாப்பத்தொண்ணுதான். இன்னும் நாலு வேணும், பத்து வாரம் இருக்கு. நான் வரேன் அண்ணே."

கடைசி மேடு

பத்தாவது வாரம் நாற்பத்தைந்தைத் தொட்டார்; பிசியோவும் வேறு வழியில்லாமல் சரி என்றார். போட்டியன்று கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், கடைசியாக வந்த நாலைந்து பேரில் ஒருவராக, இடுப்பு வரை சேற்றோடு டீச்சர் முடிவுக் கோட்டைத் தாண்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் அதை வாங்காமல், திரையைத் துடைத்து எண்களைத் தேடினார். கடைசி மேட்டில் வலது ஐம்பத்திரண்டு, இடது நாற்பத்தெட்டு. நான் வாழ்த்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணே, இந்த இடது காலுக்கு என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

பவர் மீட்டர் விற்கிறவனின் பிழைப்பு இவ்வளவுதான் அன்பர்களே: ஒரு காலைச் சமாதானப்படுத்தி அனுப்பினால், மற்றது புகாரோடு வந்து நிற்கும்.