பெரியண்ணையின் பருத்திப் பேச்சு

எங்கள் குடும்பத்தின் மூத்தவரான பெரியண்ணைக்கு இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும்படி என்னிடம் கேட்ட உறவினர்கள், "தங்கச்சி, அந்தப் பருத்திக் கதையை மட்டும் விட்டிடுங்கோ" என்றும் சொன்னார்கள். அதை விட்டால் நான் எதை எழுதுவது? தேவாரமும் படங்களும் மற்றப் பக்கங்களில் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் பருத்திதான்.

பெரியண்ணை பருத்தித்துறையில் பிறந்தார். எங்கள் தகப்பனார் இளவயதிலேயே தவறிவிட்டதால், ரியூசன் கொடுத்து எங்களைப் படிப்பித்து, தானும் படித்துச் சரித்திர ஆசிரியரானார். தங்கைமாரின் கலியாணங்கள் முடியட்டும் என்று தன்னுடையதைத் தள்ளிவைத்தார். பிறகு அது நடக்கவேயில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் இலண்டனுக்கு வந்து, எட்மண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக நின்றார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தார். பெரிய கோபக்காரர். யாராவது பிழையாகச் சொன்னால் சாப்பாட்டு மேசையிலும் திருத்துவார். அவரோடு காலம் தள்ளுவது இலகுவல்ல.

பருத்தித்துறையாருக்குப் பருத்திப் பைத்தியம் பிடித்ததில் என்ன அதிசயம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். காரணம் அதுவல்ல. இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பருத்தி அமெரிக்காவிலிருந்து வந்தது என்று ஊர்ப் பாடப்புத்தகத்தில் ஒரேயொரு வரி இருந்ததாம். இங்கே நூலகத்தில் இரவல் எடுத்த புத்தகங்களில்தான் அந்த வரியின் மீதியை, அந்தப் பஞ்சைப் பிடுங்கிய கறுப்பின அடிமைகளின் கதையைக் கண்டார். அன்று ஹவுன்ஸ்லோவில் என் வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தினை வருஷம் படிப்பிச்சனான், பிள்ளை! அந்தப் பஞ்சை ஆர் பிடுங்கினது எண்டு ஒரு பெடியனும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. எனக்கே தெரியாது."

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில், பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருக்கும் சபையில், இதைச் சொல்லிவிட வேண்டும் என்பதே அதன்பின் அவருடைய ஒரே ஆசை.

முதல் முறை பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். பொன்னாடை போர்த்தியும் படம் எடுத்தும் நேரம் போய்விட்டது. அடுத்த வருடம் மைக் கையில் கிடைத்தது. ஆனால் பெரியண்ணை அவை வணக்கத்தைக் குறைக்கமாட்டார். மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் பட்டத்தோடு விளித்து, முன்வரிசைக்கு வந்தபோது 'நேரம் முடிந்தது' என்ற துண்டுச் சீட்டு வந்துவிட்டது. காரில் வரும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும்.

"சுருக்கமா வணக்கம் சொல்லியிருக்கலாம்தானே, அண்ணை?"

"மரியாதை எண்டு ஒண்டு இருக்கல்லோ!"

மூன்றாம் வருடம் பள்ளித் தலைவர் அவருடைய வீட்டுக்கே வந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

"மாஸ்டர், அரை மணித்தியாலம் தாறம். முடிவிலை மட்டும், அவையின்ரை கதைதான் எங்கடை கதையும் எண்டு சொல்லிவிடுங்கோ. சனம் கைதட்டும்."

"ஏலாது. நான் பிளேன் ஏறி வந்தனான். அவையளைச் சங்கிலியிலை பிணைச்சு நடத்திக்கொண்டு போனவங்கள். எங்கடை துன்பத்தை வேறை நாள் பேசுறன்."

"அப்ப எங்கடை பிள்ளையளுக்கு இது என்னத்துக்கு?"

"எங்களைப் பற்றி இல்லாத ஒரு கதையையும் எங்கடை பிள்ளையள் ஒருக்காக் கேக்கட்டுமே!"

தலையை ஆட்டிவிட்டு மேடையில் விரும்பியதைப் பேசியிருக்கலாம். அவருக்கு அது வராது. அவருடைய அரை மணித்தியாலம் மாறுவேடப் போட்டிக்குப் போனது.

அவர் சொல்ல நினைத்ததை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரம் வந்தபின் பருத்தியில் பெரும் இலாபம் கண்டார்கள். கிழக்குக் கரையோர மண் களைத்துப்போக, தோட்டக்காரர்கள் மேற்கே நகர்ந்தார்கள். அலபாமா, மிசிசிப்பி, பிறகு டெக்சாஸ். அங்கே வாழ்ந்த பழங்குடிகளைத் துரத்திவிட்டுத்தான் அந்த நிலங்களைப் பிடித்தார்கள். காடு வெட்டவும் பஞ்சு பிடுங்கவும் கிழக்கிலிருந்த அடிமைகளை விற்றார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். சங்கிலியில் கோத்துக் கால்நடையாகவே கொண்டுபோனார்கள். பருத்தி மேற்கே போகப் போக அடிமைத்தனமும் கூடவே போனது. "தானாப் பரவினது எண்டு எழுதுறாங்கள். பருத்திக்குக் காலா இருக்கு?" என்பார் பெரியண்ணை. இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

போன மார்கழியில் இருதயம் பலவீனப்பட்டு ஆசுப்பத்திரியில் கிடந்தார். தலைவர் முந்திரிகைப் பழக் குலையோடு பார்க்க வந்து, "சுகமாகி வாங்கோ மாஸ்டர், அடுத்த விழாவிலை உங்கடை பேச்சுத்தான்" என்றார். பெரியண்ணை "ஓம், ஓம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தைப்பொங்கலுக்கு முன் போய்விட்டார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், தங்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து சவப்பெட்டி தூக்கிய பெற்றோல் நிலையத் தோழர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிடவைத்த அயலவர்களுக்கும் எம் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. இரங்கல் கூட்டம் நடத்திய பள்ளித் தலைவருக்கும் நன்றி. அங்கே அவர், "பருத்தி அடிமைகளைப் பற்றி மாஸ்டர் எங்கடை மேடையிலை ஆற்றின உரையை மறக்கேலாது" என்று நெடுநேரம் பேசினார். சபையும் தலையாட்டியது.

ஐயா, பெரியண்ணை அந்த உரையை ஆற்றவில்லை. நீங்கள் விடவில்லை.

தங்கை,
ஹவுன்ஸ்லோ