மூலையில் ஒடுங்கிய மீன்

இன்று சாவகச்சேரியில் ஓர் அலங்கார மீன் கடையில் நெடுநேரம் மெய்மறந்து நின்றேன்.

ஒரு தொட்டியில் பெரிய மீனொன்று இரண்டு சிறிய மீன்களைத் துரத்திக்கொண்டே இருந்தது. ஒன்று கடிபட்டாலும் திரும்பி வந்து தீனி தின்றது. மற்றது செட்டையை மடக்கி மூலையில் ஒடுங்கி நின்றது.

அதைத்தான் விலைக்குக் கேட்டேன்.

"உது வேண்டாம் தங்கச்சி. சாப்பிடுதில்லை, ஏதோ நோய் வருத்தமாக்கும்" என்றார் கடைக்காரர்.

"வருத்தமில்லை அண்ணை, பயம். தனிய விட்டுப் பாப்பம்."

வீட்டில் யன்னலோரம் தனித் தொட்டியில் விட்டேன். மாலை வெயில் தண்ணீருக்குள் இறங்கியபோது, அது மெல்லச் செட்டையை விரித்து மேலே வந்து ஒரு தீனித் துணுக்கைக் கவ்வியது. தேநீர் ஆறியதும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாவம், துணைக்கு இன்னொண்டு வாங்குவமே?" என்கிறார் கணவர்.

மீனிடம் கேட்க முடியாது. கூட்டமென்றால் ஒதுங்குகிற ஆட்கள் யாராவது சொல்லுங்கள், வாங்கட்டோ?