பால் பொங்கிய இடம்

எங்கள் அம்மா இறந்த அன்று தெருநாய் ஊளையிட்டது என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சுருக்கியபோது, அதற்குப் பசிக்கிறது, ஒரு கை சோறு வையுங்கள் என்று சொன்னவள் நான். பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பினவள் இல்லை. இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பேய்க் கதை என்றால் நடுச்சாமம், மழை, கரண்ட் போவது என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு நடந்தது அத்தனையும் பட்டப்பகலில், தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்க, சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஸ்கூடாயில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு சாதாரணத் தொடர்வீட்டில்.

முதலில் எனக்கு அந்த வீடு என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. கல்யாணமானதிலிருந்து நாங்கள் ரெங்கம் என்ற ஊரில் என் கணவர் சேகரின் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம். அண்ணி சரசு, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், நல்லவர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் சமைக்கிற குசினி அவருடையது. உப்பு ஜாடியை அடுப்புக்கு வலப்பக்கம் வைத்தால் திரும்பி வருவதற்குள் இடப்பக்கம் போயிருக்கும். கரண்டியை ஆணியில் மாட்டினால் கூடைக்குள் கிடக்கும். சண்டை போடவும் முடியாது, உப்பு ஜாடிக்கு யார் சண்டை போடுவார்கள்? அப்படியே வருஷம் ஓடி, மகளும் வளர்ந்து படிக்க வெளியூர் போய்விட்டாள். எனக்கு நகை வேண்டாம், கார் வேண்டாம், இன்னொருத்தர் கை படாத ஒரு குசினி வேண்டும், வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சேகரிடம் கேட்டேன்.

ஸ்கூடாயில் ஒரு பழைய வீடு அமைந்தது. சீனர் ஒருவருடையது. உள்ளே இருந்த பழைய சமையல் மேடையை இடித்து அந்த இடத்தைச் சாப்பாட்டு அறையாக்கி, பின்பக்கம் நீட்டிக் கட்டிப் புதுக் குசினி போடுவது என்று முடிவு. சேகருக்கு சிங்கப்பூரில் வேலை, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போனால் இருட்டித்தான் வருவார். ஆக டைல்ஸ் கடைக்கு அலைந்தது, கேபினட் நிறம் பார்த்தது, கன்ட்ராக்டரிடம் தொண்டை கிழியக் கத்தியது எல்லாம் நான்தான். கன்ட்ராக்டர் பெயர் ரவி. போன் அடித்தால் எடுக்க மாட்டான், எடுத்தால் ஒரே பாட்டு.

"அடுத்த வாரம் கன்ஃபர்ம் லா அக்கா. சாமான் வந்துருச்சு, ஆளுதான் வரல."

"போன வாரம் ஆளு வந்துருச்சு, சாமான்தான் வரலன்னு சொன்ன!"

"அது வேற ஆளுக்கா."

இப்படியே இழுத்து இழுத்து ஆடி நெருங்கிவிட்டது. சரசு அக்கா போன் மேல் போன். "ஆடி பொறந்துட்டா ஒன்னும் செய்ய முடியாது. அவன் முடிக்கிற வரைக்கும் ஒக்காந்திருப்பியா? மொதல்ல போயி பால காய்ச்சிடு, மத்தத அப்பறம் பாத்துக்கலாம்."

சரி என்று இடிக்காத வீட்டிலேயே நல்ல நாள் பார்த்து, அந்தப் பழைய மேடையில் அடுப்பை வைத்து, கோலம் போட்டு, பால் காய்ச்சினோம். நன்றாகவே பொங்கியது, கிழக்குப் பக்கமாக வழிந்தது, எல்லோரும் குடித்துவிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஆடி முடிந்ததும் ரவி ஆளோடு வந்து அதே மேடையைச் சுத்தியலால் அடித்து நொறுக்கிக் குப்பை லாரியில் ஏற்றினான். சுவருக்கு என்ன பெயிண்ட் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் யோசனை கேட்டேன், ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். பால் பொங்கிய மேடையை இடிக்கலாமா என்று ஒரு வாயும் கேட்கவில்லை, என் வாயும் சேர்த்துத்தான்.

புதுக் குசினி எப்படி வந்தது தெரியுமா? நான் நினைத்தபடியே வந்தது. சாம்பல் நிற டைல்ஸ், வெள்ளைக் கேபினட், ஜன்னலுக்கு நேராக அடுப்பு. முதல் நாள் உப்பு ஜாடியை வலப்பக்கம் வைத்துவிட்டு சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

நான் காலை வேளையில் மட்டும் கடைத்தெருவில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு நாள் மதியம் வீடு திரும்பினால் உப்பு ஜாடி சாப்பாட்டு அறையில், சுவரோரம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. சேகர் எடுத்திருப்பார் என்று அன்றிரவு அவரைத் திட்டினேன். மறுநாள் ஜாடியோடு கரண்டியும் லைட்டரும். அதற்கடுத்த நாள் பால் சட்டி. எல்லாம் வரிசையாக, பழைய மேடை இருந்த அதே சுவரோரம். பூட்டிய வீடு சார், உள்ளே பூனை நுழையக்கூட வழியில்லை. பயந்தேனா என்று கேட்காதீர்கள், எனக்கு அழுகைதான் வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து ஒரு குசினி கட்டினால் இங்கேயும் என் ஜாடியை நகர்த்த ஒரு கை!

பூட்டை மாற்றினேன். ஜாடியைக் கேபினட்டுக்குள் வைத்து மூடினேன். ஒன்றும் பலிக்கவில்லை. வீட்டை விற்ற சீனருக்குப் போன் போட்டு, அங்கிள், இந்த வீட்டில் யாராவது செத்துப்போனார்களா என்று மலாயில் நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவர் பாவம், பதறிப்போனார். சாவெல்லாம் இல்லையாம், கட்டிய நாளிலிருந்து யூனிவர்சிட்டி மாணவர்களுக்குத்தான் வாடகைக்கு விட்டிருந்தாராம், அவர்கள் சுடுதண்ணீர் ஊற்றி மீ நூடுல்ஸ் சாப்பிட்டதோடு சரி, அந்த மேடையில் யாரும் அடுப்பே வைத்ததில்லையாம். அப்படியென்றால் அங்கே முதன்முதலில் அடுப்பு மூட்டியது நாங்கள்தான். இதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு அந்தச் சுவரோரம் போய் நின்று பார்த்தேன்.

சிங்க் ஒழுகுகிறது என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு மதியம் ரவி வந்தே விட்டான். அவனைத் திட்டிக்கொண்டே டீ போடலாம் என்று புது அடுப்பில் பாலை வைத்தேன். அவன் சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்தான். தீ நன்றாக எரிகிறது, சட்டியில் பால் அசையவே இல்லை. ஒரு குமிழ் வரவில்லை. கேஸ் சரியில்லையோ என்று நான் குனிந்து பார்த்த நேரம், முதுகுக்குப் பின்னால் சாப்பாட்டு அறையிலிருந்து பால் பொங்கித் தீயில் விழும் சத்தம். அந்தச் சத்தம் எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும், கை தன்னால் அடுப்பை அணைக்கப் போகும். எனக்கும் போனது, ஆனால் என் அடுப்பில் ஒன்றும் பொங்கவில்லையே. கூடவே தீய்ந்த பால் வாடை.

ரவி தலையை வெளியே எடுத்து, "அக்கா, அங்க என்னமோ பொங்குது," என்றான்.

இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். நம்பினால் நம்புங்கள். வெறும் சுவர். இடுப்பு உயரத்திலிருந்து பால் வழிகிறது, ஆவி பறக்கிறது, ஆடைகூடப் படிந்திருக்கிறது. அந்த உயரத்துக்கு மேலே ஒரு சொட்டு இல்லை. தரையில் வெள்ளையாகத் தேங்கி டைல்ஸ் இடுக்கு வழியாகக் கிழக்கே ஓடுகிறது. திரும்ப ஓடிப்போய்க் குசினியில் பார்த்தால் என் சட்டியில் பால் இல்லை, அடியில் கருகிய வளையம் மட்டும்.

"அலமாக்! அக்கா, இது... நான்தானே இடிச்சேன் இத," என்றான் ரவி. முகம் சுண்ணாம்பாக இருந்தது. "நீங்கதானே இடிக்கச் சொன்னீங்க? நீங்கதானேக்கா?"

"ஆமா, நான்தான். இப்ப அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

அவன் ஸ்பேனரைப் போட்டது போட்டபடி, செருப்புகூடப் போடாமல் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. முன்னேயும் எடுக்க மாட்டான், அது வேறு விஷயம். சிங்க் இன்றைக்கும் ஒழுகுகிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நடு அறையில் நின்றுகொண்டு அந்தச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். யார் நீ, உனக்கு என்ன வேண்டும், இது என் வீடு, என் குசினி, நான் பார்த்துப் பார்த்துக் கட்டினது, உன்னை யார் உள்ளே கூப்பிட்டது என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ. பிறகு நானே துணி எடுத்துவந்து துடைத்தேன். வேறு யார் துடைப்பார்கள்?

சேகர் வந்ததும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "பைப் எங்கயாச்சும் லீக்கா இருக்கும்," என்றார்.

"பைப்புல பாலா வருது?"

"கத்தாதடி. நாள் பூரா வேல செஞ்சிட்டு வரேன்."

இதுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல். சரசு அக்காவிடம் சொன்னபோது அவர், "பால் பொங்குன எடத்த ஒடப்பாங்களா யாராச்சும்? பேசாம அங்கயே ஒரு அடுப்ப வெச்சிரு. பொங்க வெச்சுக் கூப்புட்டுட்டு அடுப்ப எடுத்துட்டா அது எங்க போவும்?" என்றார். எது என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. அவசரப்படுத்தி அந்த மேடையில் பால் காய்ச்ச வைத்ததே இவர்தானே என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

நான் சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் ஜாடியை எடுத்து வலப்பக்கம் வைப்பேன், தினமும் அது போய்விடும். புது அடுப்பில் சோறு வேகும், குழம்பு கொதிக்கும், பால் மட்டும் பொங்காது. கடைசியில் உடம்பும் மனசும் ஓய்ந்துபோய், ஒரு சின்ன மேசை வாங்கி அந்தச் சுவரோரம் போட்டு, ஒற்றை அடுப்பு ஒன்றை அதன்மேல் வைத்தேன். அழகாகப் போட்ட சாப்பாட்டு அறையில், தொங்கும் விளக்குக்குக் கீழே, உருளையான கேஸ் தோம்பும் குழாயுமாக அது அசிங்கமாக நின்றது. வருகிறவர்கள் எல்லாம், ஏன் இங்கே அடுப்பு என்று கேட்பார்கள். டீக்கு வசதி என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. ஆனால் அன்றோடு ஜாடி நகர்வது நின்றது. பாலை அங்கேதான் காய்ச்சுகிறேன், ஒழுங்காகப் பொங்குகிறது. தோற்றுப்போனேன், வேறென்ன.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கக்கூட மாட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் எனக்கு நல்ல காய்ச்சல். கிளினிக்கில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வாசல் கிரில் கதவை உள்பக்கம் பூட்டிவிட்டுப் படுக்கையில் விழுந்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேனோ, முழித்தபோது சாயங்கால வெயில் திரைச்சீலையில் அடித்துக்கொண்டிருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. மகள் தூரத்தில், புருஷன் பாலத்துக்கு அந்தப் பக்கம். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி என்ன பிரயோசனம், ஒரு வாய் சூடாகக் கொடுக்க ஆள் இல்லையே என்று வாய்விட்டே புலம்பினேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வெளியே வந்தேன்.

அந்தச் சின்ன மேசையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு தம்ளர் இருந்தது. மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. திறந்தால் பால், ஆவி வருகிறது. மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டிருந்தது. சேகர் சீக்கிரம் வந்துவிட்டார் போலிருக்கிறது, குளிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். காய்ச்சல் மூளை வேறென்ன நினைக்கும்? நின்றபடியே குடித்தேன், ஒரு சொட்டு விடாமல். என் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் எனக்கு அப்படி ஒரு தம்ளர் வைத்ததில்லை. நெஞ்சு குளிர்ந்துபோய்த் திரும்பப் போய்ப் படுத்தேன், வேர்த்துக் கொட்டியது, காய்ச்சல் விட்டது.

இருட்டின பிறகு வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சேகர் கிரில்லைத் தட்டிக் கூப்பிட்டார். போய்த் திறந்தேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பையிலிருந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"இந்தா. காலையிலயே மெசேஜ் போட்டியே, வீட்டுல ஒரு சொட்டுப் பால் இல்லன்னு. இதுக்காவ சுத்திக்கிட்டு வரேன்."

நான் கையை நீட்டவில்லை. அவர் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே நின்றார். என் வாயில் மிளகு காரம் இன்னும் இருந்தது.