வெள்ளிக்கிழமை தோறும் அணைந்த விளக்கு

அடியோடு போன கரண்டைத் திருப்பிக் கொண்டுவருவதில் வயர்மேனுக்குப் பெரிய சிரமம் இல்லை. வந்து வந்து போகிற கரண்டுதான் அவன் மானத்தை வாங்கும். சாப்பிட்ட கையை இலையில் அப்படியே வைத்துக்கொண்டு, பல்பை அண்ணாந்து பார்த்தபடி இருட்டில் உட்கார்ந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அப்போது என் போன்றவர்களை என்னென்ன சொல்லித் திட்டினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பரவாயில்லை. நானும் அந்த இருட்டில் உங்களோடு உட்கார்ந்தவன்தான். யுத்தத்துக்கு முன்னால், மதுரையில் மாசி வீதிப் பக்கத்து வீடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கரண்டு வந்துகொண்டிருந்தபோது, ஒரு வீடு என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என்னைக் கண்டால் எரியும்

தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் காமாட்சி அம்மாளின் வீடு. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் சுந்தரம் பள்ளிக்கூட வாத்தியார். வைகாசியில் அவனுக்குக் கல்யாணமாகி, சோழவந்தானிலிருந்து செல்லம் என்ற பெண் மருமகளாக வந்தாள். அதே மாதம்தான் வீட்டுக்குக் கரண்டும் வந்தது. வயரிங் வேலை என்னுடையது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை சுந்தரம் என் கடைக்கு வந்து நின்றான். சாயங்காலம் கூடத்து விளக்கைப் போட்டால் எரிகிறதாம், அணைகிறதாம், மறுபடி எரிகிறதாம். உடனே போனேன். நான் ஸ்விட்ச்சைத் தட்டியதும் விளக்கு சமர்த்தாக எரிந்தது. பொட்டு வைத்திருந்த ஸ்விட்ச்சின் பித்தளை மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே கரண்டு பாயும் செம்புப் பட்டையில் கொஞ்சம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சுண்ணாம்புச் சுவரின் ஈரம் என்று முடிவுகட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மூடினேன். அரைமணி நேரம் நின்று பார்த்தும் விளக்கு கண் சிமிட்டவில்லை. காமாட்சி அம்மாள் மோவாயில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்களைக் கண்டா மட்டும் இம்புட்டு மரியாதையா எரியுதே தம்பி. பேசாம இங்கேயே ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்கிருங்களேன்."

காதர் அண்ணன் ஏணியில்

அடுத்த சனிக்கிழமையும் சுந்தரம் வந்தான். அது ஆனி மாதம், காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பிதான் காற்றில் ஆடி இணைப்புத் தளர்ந்திருக்கும் என்று நினைத்து, கரண்டு கம்பெனியில் லைன்மேனாக இருந்த காதர் அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஏணி போட்டு ஏறி, இணைப்புகளை முறுக்கிவிட்டு, கம்பியைப் பிடித்து உலுக்கினார். உள்ளே விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது.

அவர் இறங்கி வருவதற்குள் காமாட்சி அம்மாள் மனத்தில் இருந்ததைக் கொட்டிவிட்டார். அந்த வீட்டில் ஒரு வழக்கம். விளக்கு வைக்கிற நேரத்தில் மருமகள்தான் கூடத்து ஸ்விட்ச்சைப் போட வேண்டும். விளக்கு எரிந்ததும் எல்லாரும் அதைப் பார்த்துக் கும்பிடுவார்கள். கும்பிட்ட கையைப் பிரிப்பதற்குள் அது அணைந்துபோனால் யாருக்குத்தான் மனசு திக்கென்று இருக்காது? "அவ கை பட்டாத்தான் அணையுது தம்பி. ஆடி பிறக்கப்போகுது. அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போகட்டும். ஆவணியில அழைக்கிறதைப் பத்தி அப்புறமாப் பார்க்கலாம்" என்றார், அடுப்படியில் இருந்த செல்லத்துக்குக் கேட்கும்படியாகவே. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பி, ஆவணியில் அழைத்துக்கொள்வது ஊரில் எல்லாரும் செய்வதுதான். அழைக்காமலே விட்டுவிட்டால் அதற்குப் பெயர் வேறு. சுந்தரம் ஏணியைப் பிடிக்கிற சாக்கில் வாசலுக்கு நழுவினான். எனக்கு அவனை நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. தெருவுக்கு வந்ததும் காதர் அண்ணன் ஏணியைத் தோளில் மாற்றிக்கொண்டு சொன்னார்: "கம்பியில கோளாறு இல்லைன்னு நான் சொல்லிட்டேன் மாப்ள. இனி நீயும் கண்டுபிடிக்கலேன்னா, அந்தப் புள்ளதான் கோளாறுன்னு ஆயிரும்."

சுள்ளென்றது

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மூன்றாம் முறையாகப் போனபோது காமாட்சி அம்மாள் கோயிலுக்குப் போயிருந்தார். சுந்தரம் ஏணியைப் பிடித்துக்கொள்ள, பல்பு மாட்டும் ஹோல்டரை மாற்றினேன். கூரையில் இருந்த இணைப்பைப் பிரித்துப் புதிதாகக் கட்டினேன். குற்றவாளி சிக்கவில்லை.

செல்லம் தண்ணீர்ச் செம்போடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கைத் தினமும் போடுகிறவளிடம் இதுவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போடும்போது என்னம்மா ஆகுது?" என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். மற்ற நாட்களில் லேசாக மினுங்கும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதான் அணையும். அன்றைக்கு ஸ்விட்ச்சைத் தொட்டால் விரலில் சுள்ளென்று இருக்கும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது என்று காமாட்சி அம்மாள் என்னை எப்போதும் சனிக்கிழமைதான் கூப்பிடுவார். கோளாறு வருகிற நாளில் நான் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. "வர்ற வெள்ளிக்கிழமை நான் வராம அந்த ஸ்விட்ச்சுப் பக்கம் போகாதே. சுள்ளுன்னு அடிக்கிறதை ஏன்மா யார்கிட்டயும் சொல்லலை?" என்று கேட்டேன். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "சொன்னா அதுவும் என் ராசிதான்னு ஆயிரும்ண்ணே. எனக்குச் சுள்ளுன்னாப் பரவாயில்லை, விளக்கு நின்னு எரிஞ்சாப் போதும்."

பித்தளை வரிசை

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டினேன். குளித்து, திருநீறு பூசி, வேட்டியை மாற்றிக்கொண்டு, சாமான் பையை எடுக்காமல் வெறுங்கையோடு போனேன். "வேலைக்கு வரலைம்மா, விளக்கு வைக்கிறப்ப சாமி கும்பிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றதும் காமாட்சி அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. முற்றத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவன் எதிரே பார்த்தேன். குத்துவிளக்கு, கற்பூரத்தட்டு, மணி, செம்பு என்று பித்தளைச் சாமான்கள் தேய்த்துக் கழுவி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வரிசையின் கடைசியில், சந்தனமும் குங்குமமும் வைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தது என்னுடைய ஸ்விட்ச் மூடி.

"பித்தளைதானே தம்பி? லட்சுமி வர்ற இடம், அழுக்காக் கிடக்கலாமா?" என்றார் அவர். வெள்ளிக்கிழமை தோறும் மூடியைத் திருகிக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, பொட்டு வைத்து, ஈரத்தோடு மாட்டிவிடுவாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மெதுவாக எடுத்துச் சொன்னேன். மாட்டிய பிறகு புளித்தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கிப் பட்டையில் களிம்பு பிடிக்கிறது, அதனால் விளக்கு அணைகிறது. அதே ஈரத்தின் வழியாகக் கரண்டு மூடிக்கு வந்து, தொட்டவர் கையில் அடிக்கிறது. இந்த வீட்டில் சாயங்காலம் அந்த ஸ்விட்ச்சைப் போடுகிறவள் ஒருத்திதான், ஆகவே அணைவதும் அவள் கையில்தான் அணையும். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த சுந்தரமும் கேட்டுக்கொண்டிருந்தான். காமாட்சி அம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு வெளியாள் முன்னால் மாமியார் அப்படித் தலைகுனிந்து நிற்பதைச் செல்லத்தால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. "நான்தான் அத்தே, துடைக்காம மாட்டியிருப்பேன்" என்றாள். "நீ எங்கடி மாட்டுனே? வெள்ளிக்கிழமைப் பித்தளையை நான் யாரு கையிலயும் குடுத்ததில்லையே" என்று சொல்லிக்கொண்டே காமாட்சி அம்மாள் அவள் கையை இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எம்புட்டு நாளாடி இப்படிச் சுள்ளுங்குது? எங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சா?"

சோழவந்தான் ரயில்

ஞாயிற்றுக்கிழமை போய் அந்த ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, பீங்கான் மூடி போட்ட புது ஸ்விட்ச் மாட்டினேன். இதைத் தேய்க்கவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். காமாட்சி அம்மாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டாவது வைக்கலாமா என்று கேட்டார். மேலே மட்டும், காய்ந்த குங்குமமாக என்றால் வைக்கலாம் என்று விட்டுக்கொடுத்தேன். எனக்கும் சாமி பயம் உண்டு.

செல்லத்தை ஆடிக்குக் கூட்டிப்போக அவள் அப்பா அன்றைக்குத்தான் காலை ரயிலில் வந்து இறங்கினார். கொடிக்கால் வைத்திருப்பவர். கையில் வெற்றிலைக் கட்டு, முகத்தில் கலவரம். மகளைத் திருப்பி அழைக்கப்போவதில்லை என்ற பேச்சு சோழவந்தான் வரைக்கும் போயிருக்கிறது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் நிலைப்படி அருகிலேயே நின்றார். செல்லம் துணிமூட்டையோடு வந்து மாமியார் காலில் விழுந்து எழுந்தாள். காமாட்சி அம்மாள் அவள் நெற்றியில் குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்துவிட்டார். பிறகு சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார்: "ஆவணி பிறந்த அன்னைக்கே கொண்டாந்து விட்ருங்கண்ணே. அவ வந்து போடுற வரைக்கும் இந்த விளக்கை இங்க யாரும் போடப்போறதில்லை."

நான் சுத்தமாகப் பழுது பார்த்துக் கொடுத்தும் ஒரு மாதம் முழுக்க விளக்கு எரியாமல் கிடந்த வீடு என் தொழிலில் அது ஒன்றுதான், அதற்காக யாரும் என்னைக் கூப்பிட்டுத் திட்டவும் இல்லை.