கை பேசும் வீட்டுக்கு இழுத்த கம்பி

கம்பி என்றாலே எனக்கு ஆகாது. அக்காள் வீட்டுக்காரருக்கு, அதாவது என் அத்தானுக்கு, கம்பியைத் தவிர வேறெதுவும் ஆகாது. இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து காரைக்காலில் இன்டர்நெட் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? காலையில் கடையைத் திறப்பதற்கு முன்பே சண்டையைத் திறந்துவிடுவோம்.

அத்தான் அதற்கு முன் கேபிள் டிவி நடத்தியவர். தெருத்தெருவாகக் கம்பி இழுத்துப் பழகியவர். நானோ மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு, எங்கள் டவரைப் பார்த்துத் திருப்பிவைத்து, கம்பியே இல்லாமல் கொடுக்கிற கட்சி. நெடுங்காட்டுப் பக்கம் வயலுக்கு நடுவில் தனியாக ஒரு வீடு இருக்கும். அதற்குக் கம்பி இழுக்க எத்தனை கம்பம் நட வேண்டும், எத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டும்! என் ஆன்டெனா ஒரே காலையில் வேலையை முடித்துவிடும். ஆனால் திருமலைராயன்பட்டினத்தில் வீட்டோடு வீடு ஒட்டிய சந்துகளில், ஒரு மாடி இன்னொரு மாடியை மறைக்க, என் சிக்னல் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே அத்தான் சுவரோரமாகக் கம்பியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மீசையைத் தடவியபடி என்னைப் பார்ப்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, வேறென்ன!

அந்தச் சமயத்தில்தான் காரைக்கால்மேட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, எம்புள்ளைக்கும் மருமவளுக்கும் காது கேக்காது, பேச்சும் வராது. ரெண்டும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சதுங்க. கையாலதான் பேசிக்கும். அவன் குவைத்துல வெல்டரா இருக்கான். வீட்டுக்கு ஒரு லைன் குடுங்க."

"பிரவுசிங் சென்டர்ல பேசலாமேம்மா?"

"அங்க சுத்தி நின்னு வேடிக்க பாக்குறானுவ. புருசன் பொண்டாட்டி பேச்ச ஊரே பாக்கணுமா?"

விஷயம் அதோடு முடியவில்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி மகனைக் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை முடிவு சொல்லியாக வேண்டும். "போடட்டும்னுதான் நான் சொல்றேன். அவ வேணாம், வந்துடுங்கிறா," என்றார்.

"எழுதி அனுப்பச் சொல்லுங்களேன்."

"எழுதிச் சண்ட போட முடியுமா தம்பி? என் பக்கம் பேச ஊருல ஆயிரம் வாய் இருக்கு. அவளுக்கு ரெண்டு கைதான். அது அவன் கண்ணுக்குத் தெரியணும்ல?"

தனக்கு எதிராக வழக்காடப் போகிறவளுக்குத் தானே வந்து வழி கேட்கிற மாமியாரை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே கிளம்பிப் போனேன். அத்தானின் கம்பி அப்போது காரைக்கால்மேட்டுக்கு எட்டவில்லை. சுனாமி அலைக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டின் மாடியில் ஆன்டெனாவை நட்டேன். கணவன் முகம் திரையில் வந்ததும் அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சிக்னல் சுத்தமாகச் செத்துப்போனது. ஓடிப்போய் மாடி ஏறினால், ஐயையோ! ஆன்டெனாவை நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் காயுமுன்பே சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. கரை ஏறியதும் படகு எஞ்சினைக் கழுவிப் போர்த்திவைக்கிற வழக்கம் அந்த வீட்டில். "உப்புக்காத்துல இரும்பு தாங்குமா தம்பி?" என்றார் அந்த அம்மா. அவ்வளவு அக்கறை! ஈரத்தைத் தாண்டி சிக்னல் போகாது என்று சொல்லிச் சாக்கை அவிழ்த்தேன். கோபப்படத்தான் நினைத்தேன், சிரிப்பு முந்திக்கொண்டது.

அதற்கடுத்த வாரம் மருமகளே கடைக்கு வந்துவிட்டாள். எங்கள் இருவர் முன்னாலும் நின்று கையை உயர்த்தினாள். பாதியில் அப்படியே நிறுத்தினாள். பிறகு வெடுக்கென்று வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனாள். படம் விட்டு விட்டு வருகிறது என்கிறாள். குரல் கொஞ்சம் அறுந்தால் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். கை நடுவில் அறுந்தால் சொன்னது என்னவென்றே தெரியாது. இவ்வளவு தெளிவாக யாரும் எங்களிடம் புகார் சொன்னதில்லை.

"மச்சான், உன் காத்து பங்காளிங்க பொதுக் கெணறு மாதிரி," என்றார் அத்தான். "சாயங்காலமானா எல்லாரும் வாளிய விடுவாங்க. இந்தப் பொண்ணுக்குத் தனிக் குழாய்தான் வேணும்."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம்.

அந்த ஒரு வீட்டுக்காக அத்தான் மேட்டுக்குக் கம்பி இழுத்தார். படகு இழுக்கிற பாதையில் போனால் அறுந்துவிடும் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவந்து தூக்கிப் பிடித்தார்கள். இணைப்புக்கு இணைப்பு உப்பு ஏறாமல் கிரீஸ் தடவினார். வெயிலில் அந்த மனுஷன் ஏணியும் கையுமாக நின்றதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். "வெயில்ல மூள குழம்பிப்போச்சா?" என்று கேட்டார்.

கடைசி வெள்ளிக்கிழமை. லைன் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க அத்தானும் நானும் கதவோரம் நின்றோம். அவள் பேச ஆரம்பித்தாள். கோபம், கெஞ்சல், கேலி எல்லாம் அந்தக் கைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அவனும் விடவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தான். ஓர் அசைவுகூட அறுபடவில்லை. நடுவில் அவள் மாமியாரைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"என்னயத்தான் ஏசுறா. ஏசட்டும்," என்றார் அந்த அம்மா.

திடீரென்று அவன் கைகள் நின்றுவிட்டன. முகமும் அசையவில்லை.

"போச்சுடா!" என்று அத்தான் மோடத்தை நோக்கிப் பாய்ந்தார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தித் திரையைக் காட்டினாள். அவனுக்குப் பின்னால் சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. லைன் உயிரோடுதான் இருந்தது. அவன்தான் மடியில் கையைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு கையை மெல்லத் தூக்கி, திரைக்கு வெளியே அம்மா எங்கே என்று தேடுவதுபோல் காட்டினான்.

அந்த அம்மா போய் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். பிறகு இரண்டு கைகளையும் கேமராவை நோக்கி நீட்டி, தன் நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டார். வந்துவிடு என்கிறார் என்பது எனக்கே புரிந்தது.